பரிசமாக வந்த ஒரு வருஷப் படிப்பு

வளப்பூர் நாடு, கொல்லிமலை.
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் சின்னராசுவுக்கு அம்மா பாப்பாயி எழுதிக்கொண்டது. நானும் அப்பாவும் உன் தங்கை சுசித்ராவும் எட்டுக்கை அம்மன் தயவில் சுகமாக இருக்கிறோம், சாரல் விட்டுவிட்டுப் பெய்கிறது, செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. நீயும் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் உன்னோடு இருக்கிற பிள்ளைகளும் அந்த ராஜஸ்தான் புழுதியில் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். சுகம் விசாரித்தாகிவிட்டது, இனி நான் திட்டப்போகிறேன், உட்கார்ந்து படி. போனில் திட்டலாம் என்றால் நான் வாயைத் திறந்ததுமே உனக்கு டவர் போய்விடுகிறது. மாமா பேசினால் மட்டும் அரைமணி நேரம் டவர் நிற்கிறது. அதனால்தான் காகிதம். இதைத் திருச்செங்கோட்டில் உன் முதலாளி ஆபீசில் கொடுத்தனுப்புகிறேன், சாமான் ஏற்றி வருகிற லாரியில் உன் கைக்கு வந்துவிடும், நடுவில் கட் பண்ணவும் முடியாது.

ஆடி கழிந்ததும் உன் மாமா, என் கூடப் பிறந்த அண்ணன் அர்த்தனாரி, திண்ணனூர் நாட்டிலிருந்து வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தாரே, அந்த விஷயம்தான். அவர் மகன் கவினுக்கு நம் சுசித்ரா, உனக்கு அவர் மகள் யமுனா என்று பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற பேச்சு ரொம்ப நாளாக இருப்பதுதான், அதில் எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் கொண்டுவந்தது புதுப் பேச்சு. பரிசத்தைப் பணமாகக் கொடுக்கப் போவதில்லையாம். அதற்குப் பதிலாக சுசித்ராவை அடிவாரத்து டவுனில் ஒரு வருஷ நர்சிங் சான்றிதழ் படிப்பில் சேர்த்து ஃபீஸ் கட்டிவிடுவாராம். படிப்பு முடிந்த கையோடு கல்யாணம், கல்யாணம் முடிந்த கையோடு ஆஸ்பத்திரி வேலை. "அறுவதாயிரம் போட்டா ஒன்னர வருசத்துல திரும்பி வந்துருமுங்க மாப்பிள்ள, அதுக்கு மேல வாரதெல்லாம் லாபந்தானுங்க" என்று உன் அப்பாவிடம் சொன்னார். கறவை மாடு வாங்குகிறவன்கூட அந்த மாட்டின் காதுபட இப்படிப் பேச மாட்டான். அந்த மனிதர், உன் அப்பா காளியண்ணன், தலையைத் தலையை ஆட்டி வெற்றிலையை வாங்கி மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அடுப்படியில் நின்ற என்னை ஒருவரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை, உன்னைத்தான் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்கள். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? இல்லாவிட்டால் நான் எழுதுகிறேன். "ஒரு வருசமே போதுங்க மாமா, பொட்டப்புள்ள, எப்புடியும் இன்னொரு ஊட்டுக்குப் போறவதானுங்க" என்றாய். உன் தங்கை அப்போது மாமாவுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள். சொம்பை வைத்துவிட்டு மாட்டுக்கொட்டாய் பக்கம் போய்விட்டாள். அரசாங்கக் கல்லூரியில் மூன்று வருஷ நர்சிங் டிப்ளமோவுக்கு அவள் ஏற்கனவே மனு போட்டிருந்தாள் என்பது உனக்குத் தெரியும். மனு போட்ட அன்றே உனக்கு மெசேஜ் அனுப்பினாள், நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிப் பதில் போட்டாய். மாமா பேசியதும் கட்டைவிரல் மடங்கிவிட்டது.

பரிசம் என்றால் என்ன என்று உனக்கு யாரும் சொல்லவில்லையா? பெண்ணைப் பெற்று வளர்த்த வீட்டுக்குச் செய்கிற மரியாதை அது. எனக்குப் பரிசம் வந்தபோது இதே அண்ணன்தான் பக்கத்தில் நின்று வாங்கினார், அந்தப் பணத்தில் கிடாரி வாங்கிக் கட்டினார், நான் சந்தோஷமாகத்தான் வந்தேன். கொடுத்த பரிசம் எப்போது திரும்பி வரும் என்று உன் அப்பா வீட்டில் ஒருவரும் விரல் விட்டு எண்ணியதில்லை. இவர் என்னடாவென்றால் பரிசத்துக்கே வட்டி பார்க்கிறார். அதிலும் நம் கையில் கொடுத்தால் தின்று தீர்த்துவிடுவோம் என்று நினைத்தாரோ என்னவோ, அடுத்த வாரமே தானே நேரில் போய் அந்த இன்ஸ்டிட்யூட்டில் முழுப் பணத்தையும் கட்டி ரசீதைத் தன் பேரில் போட்டு வாங்கிக்கொண்டார். கட்டியபிறகு நமக்கு போன் வந்தது, பெண்ணோட ஒரிஜினல் மார்க்ஷீட்டையும் டி.சி.யையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போங்கள் என்று. அதே வாரத்தில் டிப்ளமோ கலந்தாய்வுக்குச் சென்னைக்கு வரச்சொல்லி சுசித்ராவின் செல்லுக்கு மெசேஜும் வந்துவிட்டது. அங்கேயும் ஒரிஜினலோடுதான் போய் நிற்க வேண்டும். இங்கே கொடுத்துவிட்டால் அங்கே போக முடியாது, அவ்வளவுதான் விஷயம். உன் அப்பாவைக் கேட்டால், "வெத்தல வாங்கிட்டேன் புள்ள, நான் என்ன பண்ணட்டும்" என்கிறார். மென்று துப்பின வெற்றிலைக்காக மகளைக் கொடுக்கிற ஆளை உன் அப்பாவைத் தவிர எங்கேயும் பார்க்க முடியாது.

சரி, பார்க்காமல் பழிக்கக்கூடாது என்று எட்டு நாளைக்கு முன்னால், சனிக்கிழமை, நானே சுசித்ராவைக் கூட்டிக்கொண்டு பேளுக்குறிச்சி சந்தைக்குப் போகிற பஸ்ஸில் மலை இறங்கினேன். மிச்சமிருந்த மிளகைச் சந்தையில் போட்டுவிட்டு அந்த இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனோம். டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டு ரூம். ஒரு கட்டில், கட்டிலில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை, அதற்கு ஒரு கை இல்லை, அந்தக் கை தனியாக அலமாரி மேல் கிடக்கிறது. வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கைடைப் பார்த்துக் காப்பி எழுதிக்கொண்டிருந்தார்கள், பாவம், எல்லாம் நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள். டை கட்டின ஒரு பையன் வந்து வார்த்தைக்கு வார்த்தை அம்மா போட்டான். "மாசம் இருவதாயிரம் கன்பார்முங்கம்மா, வேலைக்கு நாங்க கேரண்டிங்கம்மா" என்றான். இங்கே படித்து இருபதாயிரம் வாங்குகிற ஒரு பெண்ணோடு என்னைப் பேச வையப்பா என்றேன். சுவரில் ஒட்டியிருந்த போட்டோவைக் காட்டினான். போட்டோவோடு நான் எப்படிப் பேசுவது? இந்தப் படிப்பு முடித்தால் நர்ஸ் கவுன்சிலில் பேர் பதிவாகுமா என்று சுசித்ரா மெல்லக் கேட்டாள். "அதெல்லாம் தேவைப்படாதும்மா" என்று அவளுக்கும் ஒரு அம்மா போட்டுவிட்டு ஒரிஜினலுக்குக் கையை நீட்டினான். படிப்பு முடிகிறவரைக்கும் அது அவர்களிடம்தான் இருக்குமாம். நான் பையை மடியை விட்டு இறக்கவில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். உன் அப்பாவால் அன்றைக்கு அந்த ஒரு உபகாரம் நடந்தது.

மலைக்கு வராமல் நேரே நாமக்கல் போய்க் கலைச்செல்வியைப் பார்த்தோம். நம் மேலக்காட்டுப் பெரியவர் மகள், இதே மாதிரி ஒரு வருஷப் படிப்பை வேறொரு இடத்தில் முடித்துவிட்டு அங்கே தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாளே, அவள்தான். வாங்குகிற சம்பளத்தை மறைக்காமல் சொன்னாள். எட்டாயிரம். அதில் ஹாஸ்டலும் சாப்பாடும் போக, பஸ்ஸும் செருப்பும் போக, வீட்டுக்கு அனுப்புவது பாதிகூட இல்லை. பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற வேலை. படுக்கையில் கிடக்கிறவர்களைத் துடைத்துவிடுவது, துணி மாற்றுவது, மலஜலம் எடுப்பது, இதெல்லாம் அவள் முகம் சுளிக்காமல் செய்கிறாள், அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் ஆள் பற்றாத நாளில் ஊசியைப் போடு என்கிறார்களாம், நாளைக்கு ஏதாவது ஆனால் நீ யார் ஊசி போட என்றும் அவர்களேதான் கேட்பார்களாம். "வேலைக்கு நான் கூச்சப்படலீங்கத்தை, ஆனா எத்தன வருசம் பாத்தாலும் நான் அசிஸ்டென்ட்தானுங்க, எனக்குப் பின்னால டிப்ளமோ முடிச்சு வந்த புள்ள வந்த அன்னைக்கே எனக்கு மேலதானுங்க, சம்பளமும் ரெண்டு பங்குங்க" என்றாள். அவளையும் நான் குறை சொல்ல மாட்டேன், அந்தப் படிப்பையும் ஒரேயடியாகக் குப்பை என்று சொல்ல மாட்டேன். அவள் அப்பா மிளகு பறிக்க ஏறிய சவுக்கு மரத்திலிருந்து விழுந்து படுத்த வருஷம், வீட்டில் யாராவது ஒருவர் சீக்கிரம் சம்பளம் கொண்டுவந்தாக வேண்டும், இருந்தது அந்த ஒரு வழி. தெரிந்தே போனாள், இரண்டு தம்பிகளைப் படிக்க வைக்கிறாள். நம் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் சொல். நீ சம்பாதிக்கிறாய், மிளகு இருக்கிறது, குச்சிக்கிழங்கு இருக்கிறது, நானும் உன் அப்பாவும் கல்லு மாதிரி இருக்கிறோம். சுசித்ராவுக்கு என்ன அவசரம்?

மாமா போட்ட கணக்கை நான் பஸ்ஸில் வரும்போது திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அறுபதாயிரம் என்பது ஃபீஸ் மட்டும்தான். ஹாஸ்டல், கோட்டு, பரீட்சைக்கு என்று அவர்கள் தனியாகக் கேட்பது எல்லாம் சேர்த்தால் லட்சத்துக்கு மேல் போகும். எட்டாயிரத்தில் அவள் சாப்பிட்டது போக மிச்சத்தை வைத்து அதை எடுக்க மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். உன் மாமா கணக்கில் சாப்பாடே இல்லை, சுசித்ரா காற்றைக் குடித்துக்கொண்டு வேலை செய்வாள் என்று நினைத்தார் போலிருக்கிறது. அரசாங்கக் கல்லூரியில் அதே மூன்று வருஷத்தில் படிப்பே முடிந்துவிடும். நம் சாதிச் சான்றிதழுக்கு ஒதுக்கீடு இருக்கிறது, ஃபீஸ் பேருக்குத்தான், படிக்கிற காலத்தில் மாதாமாதம் அவர்களே கொஞ்சம் உதவித்தொகையும் கொடுக்கிறார்கள் என்று அவள் டீச்சர் விளக்கிச் சொன்னார். முடித்தால் கவுன்சிலில் பேர் ஏறும், அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதலாம், எந்த ஊரில் போய் நின்றாலும் நர்ஸ்தான். இதில் எது லாபம் எது நஷ்டம் என்று எட்டாவது படித்த எனக்கே விளங்குகிறது, போர்வெல்லில் அடிக்கு எத்தனை என்று நொடியில் சொல்கிற உனக்கு விளங்காமலா போனது? விளங்கியது. மாமா மனம் கோணினால் யமுனாவைத் தரமாட்டார் என்று பயந்துவிட்டாய். உன் ஆசைக்கு உன் தங்கையின் படிப்பை எடுத்துக் கொடுத்தாய். இதை எழுதும்போதே எனக்கு அவ்வளவு ஆத்திரம் வருகிறது.

வந்த மறுநாளே அப்பாவையும் இழுத்துக்கொண்டு திண்ணனூர் நாட்டுக்குப் போனேன். ஒரு வருஷப் படிப்பு வேண்டாம், அவள் டிப்ளமோ போகட்டும், கவின் காத்திருக்கட்டும் என்று மரியாதையாகத்தான் சொன்னேன். "மூணு வருசம் எம்பையன் என்ன பாயாட்டம் சுருண்டு கெடக்கோணுமா? பரிசம் கட்டியாச்சு அம்மிணி, பேச்சு மாறுனா ஊரக் கூட்டுவேன்" என்றார். கூட்டுங்கள் என்றேன். அவர் தன் வீட்டு வாசலிலேயே கூட்டிவிட்டார். ஊர்க்கவுண்டர் வந்தார், பெரியவர்கள் வந்தார்கள். உன் அப்பா வெற்றிலை வாங்கினதை எல்லோருக்கும் முன்னால் ஒத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார், எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அப்புறம் ஊர்க்கவுண்டர் கேட்டார், "பரிசத்த யாருங்க எண்ணி வாங்குனது?" யாரும் எண்ணவில்லை, யாரும் வாங்கவில்லை. தாம்பாளத்தில் வைத்து ஊர்க்கவுண்டர் எண்ணி பெண்ணோட அப்பன் கையில் கொடுத்தால்தானே அது பரிசம்? மாமா ரசீதை எடுத்து நீட்டினார். ஊர்க்கவுண்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். கட்டியவர் பேர் அர்த்தனாரி, வாங்கியவர் பேர் அந்த இன்ஸ்டிட்யூட், விலாசம் டைல்ஸ் கடை மாடி. "ஏனுங் அர்த்தனாரி, நீங்க டைல்ஸ் கடை மச்சுல போயிப் பரிசம் போட்டுருக்கறீங்க, அங்க பொண்ணு கேட்டீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வெற்றிலை பேச்சுக்குத்தான், பணம் பெண் வீட்டு வாசலில் விழவில்லை, அதனால் சுசித்ரா கட்டுப்பட்டவள் இல்லை என்று முடித்துவிட்டார். நம்மை நம்பி நம் கையில் கொடுத்திருந்தால் நான் தோற்றிருப்பேன். உன் மாமாவின் சந்தேகம் என் மகளைக் காப்பாற்றியது.

அதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அங்கிருந்தே போன் போட்டுக் கேட்டதற்கு, கட்டின பணம் திரும்பாது என்று இன்ஸ்டிட்யூட்டில் கைவிரித்துவிட்டார்கள், என் காசு போச்சே என்று மாமா கத்தினார். எனக்கும் பாவமாக இருந்தது, கூடப் பிறந்தவர் அல்லவா. அந்த சீட்டில் யமுனாவையாவது சேர்த்துவிடுங்கள் அண்ணா, அவளும் சயின்ஸ் குரூப் படித்து இரண்டு வருஷமாக வீட்டில்தானே இருக்கிறாள் என்றேன். வாய் தவறியா மனதிலிருந்தா தெரியவில்லை, "அவ இன்னொரு ஊட்டுக்குப் போறவ, அவளுக்கு எதுக்கு நான் செலவு பண்ணோணும்" என்று சொல்லிவிட்டார். இன்னொரு ஊடு என்றால் என் ஊடு! மருமகளுக்குப் போட்டால் தன் வீட்டுக்கு வருமானம், மகளுக்குப் போட்டால் அடுத்த வீட்டுக்கு வருமானம், அதனால் பெற்ற மகள் வீட்டில் கிடக்கட்டும். அட, நீயும் அதே வார்த்தையைத்தானே போனில் சொன்னாய். யமுனா காபி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்படியே வைத்துவிட்டு வந்து நடுவில் நின்றாள். "எனக்கு அந்த ஒரு வருசம் வேண்டாமுங்க. சுசித்ரா போறாளே, அந்தப் படிப்புக்கு நானும் அடுத்த வருசம் மனு போடறேன். எம்மார்க் அவ மார்க்கவிட ஜாஸ்திங்க" என்றாள். அவள் அண்ணன் கவின் நல்ல பையன்தான், ஆனால் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை, அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது. மாமா, "படிச்சு முடிக்க நாலு வருசமாகும், அதுவரைக்கும் எவன் உனக்காகக் காத்திருப்பான்" என்று அவளைப் பார்த்துக் கை ஓங்கினார். நான் நடுவில் புகுந்து, என் மகன் காத்திருப்பான் என்று சொல்லிவிட்டேன். ஊர்க்கவுண்டர் அதை எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொல்லி முடித்துவைத்தார்.

ஆமாம், உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். உன் நாலு வருஷத்தை நான் எடுத்து ஊர் நடுவில் கொடுத்துவிட்டேன். இந்த வரியைப் படிக்கும்போது உனக்குக் காது சூடாகும், என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா அம்மா என்று கத்தத் தோன்றும். கத்து. உன் தங்கைக்கு அந்த சொம்பை வைத்துவிட்டுப் போனபோது அப்படித்தான் இருந்திருக்கும். திரும்பி வருகிற வழியில் உன் அப்பா, யமுனா சம்பாதித்து நம் வீட்டுக்குக் கொண்டுவருவாள் என்று நானும் கணக்குப் போட்டேனா என்று என்னைக் கிண்டினார். போடவில்லை என்று சாமி மேல் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அவள் சம்பளம் அவள் கையில் இருக்கட்டும், அதை யார் கேட்டாலும், நீயே கேட்டாலும், நான் விடமாட்டேன்.

சுசித்ராவும் அப்பாவும் இன்று காலை பஸ்ஸில் சென்னைக்குக் கிளம்பிவிட்டார்கள். இடம் கிடைத்துவிடும் என்று டீச்சர் சொல்கிறார், கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் யமுனாவோடு சேர்ந்து மறுபடி போடட்டும். சர்டிபிகேட் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிடாதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அப்பாவிடம் பத்து தடவை சொல்லி அனுப்பியிருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு, குழாய் இறக்கும்போது பூட்ஸ் போடாமல் நிற்காதே, தங்கைக்கு ஒரு போன் போட்டு ஒழுங்காகப் பேசு, கட்டைவிரல் படம் போதாது. மாசி பெரியசாமி உன்னைக் கண் போலக் காப்பார், நூறு வயசு நன்றாக இரு.

ஒன்று மட்டும். உன் தங்கைக்கு நீ கொடுக்காததை நான் உனக்குக் கொடுக்கிறேன் சாமி. நாலு வருஷம் முடியாது என்றால் முடியாது என்று நீயே சொல்லலாம், நான் ஊர் முன்னால் தலை குனிந்துகொள்கிறேன். ஆனால் அதை என்னிடம் சொல்லாதே, மாமாவிடமும் சொல்லாதே. யமுனாவைக் கூப்பிட்டு அவள் காதில் உன் வாயால் சொல். டவர் இருக்கிற இடமாகப் பார்த்து நின்றுகொள்.

கோபம் இன்னும் ஆறாத உன் அம்மா,
கா. பாப்பாயி.